பில்டர் பெட்டி வெடிப்பு: மகளுக்கு

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெருப்பித்துப் பார்த்தேன். உன் வாகனத்தின் எயார் பில்டர் பெட்டியின் மூடியில், பைப் பூட்டும் கழுத்தடியில்தான் வெடிப்பு ஓடியிருக்கிறது. சுப்பர் குளூ பூசிவிட்டு ஓடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் பிள்ளை.

இதில் வெடிப்பின் நீளத்தைவிட அது இருக்கும் இடம்தான் முக்கியம். பில்டருக்கு முன்னால் வெடித்திருந்தால் அவசரமில்லை, உள்ளே போகிற காற்றை எப்படியும் பில்டர் வடிகட்டும். காற்றை அளக்கும் சென்சருக்குப் பின்னால் வெடித்தால் அளக்காத காற்று உள்ளே போகும். ஐடிலில் எஞ்சின் வேகம் ஏறி இறங்கும், எச்சரிக்கை விளக்கு எரியும், கோட் பார்த்தால் பி0171, அதாவது காற்றுக்கு எரிபொருள் போதவில்லை என்று வரலாம். உன்னுடையது இரண்டுக்கும் நடுவில். சென்சர் சரியாக அளக்கிறது, விளக்கு எரியாது, இழுவையும் குறையாது. ஆனால் தூசி வடிபடாமல் நேரே சிலிண்டருக்குள் போகிறது. வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக வரும்போது வீதியோரப் புழுதியை நீயே பார்த்திருப்பாய். அந்த மண் பிஸ்டன் றிங்கைத் தேய்த்துவிடும். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

குளூ ஏன் நிற்காது? இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்ரிக். அதன் மேல் குளூவும் எபொக்சியும் பிடிக்காது. பிடித்ததுபோல் இருந்துவிட்டு, எஞ்சின் சூட்டிலும் அதிர்விலும் பொருக்காகக் கழன்றுவிடும். கழன்ற துண்டு எஞ்சின் பக்கம்தான் உறிஞ்சப்படும். சிலிக்கனும் பூசாதே, அதன் ஆவி புகைக்குழாயிலுள்ள ஒக்சிஜன் சென்சரைக் கெடுக்கும்.

ஆகவே அதே பிளாஸ்ரிக்கை உருக்கித்தான் வெடிப்பை அடைக்க வேண்டும். முதலில் மூடி எந்த இனம் என்று பார். மூடியின் உட்பக்கத்தில் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவில் எழுத்து இருக்கும். பிபி என்று தொடங்கினால் பொலிபுரொப்பிலீன், பிஏ6 அல்லது பிஏ66 என்றால் நைலோன். தண்ணீரில் மிதந்தால் பிபி என்று சிலர் சொல்வார்கள். டால்க் என்ற கல்மாவு 20 வீதம் கலந்த பிபி தாழ்ந்துவிடும், ஆகவே எழுத்தையே நம்பு. உருக்கி ஊற்றும் பிளாஸ்ரிக் கம்பியும் அதே இனமாக இருக்க வேண்டும். கம்பி கிடைக்காவிட்டால், அதே எழுத்துள்ள உடைந்த பெட்டியிலிருந்து 4 மில்லிமீற்றர் அகலத்தில் கீற்றுகள் வெட்டிக்கொள்ளலாம். தண்ணீர் வாளியில் வெட்டாதே, பல வாளிகள் பொலிஎதிலீன். அது பிபியோடு ஒன்றாகாது. நைலோன் பெட்டிக்கு கேபிள் டை நல்ல கம்பி. நைலோன் ஈரம் குடிக்கும், முதலில் நன்றாகக் காயவைக்காவிட்டால் குமிழ் விடும்.

மூடியைக் கழற்றி, சென்சரையும் கழற்றிப் பத்திரமாக வை. எஞ்சின் பக்கப் பைப்பின் வாயைச் சுத்தமான துணியால் கட்டு. சவர்க்காரம் போட்டுக் கழுவி, காய்ந்த பிறகு ஐசோபுரோபைல் அற்ககோலால் துடை. எண்ணெய்ப் பசை கொஞ்சம் இருந்தாலும் உருக்கிய பிளாஸ்ரிக் பிடிக்காது. இருட்டில் உள்ளே டோர்ச் அடித்தால் வெடிப்பு எங்கே முடிகிறது என்று வெளிச்சக் கோடாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் முனையைச் சற்றுத் தாண்டி 2 அல்லது 3 மில்லிமீற்றர் ஓட்டை போடு. இதை விட்டால் வெடிப்பு உருக்கி அடைத்த இடத்தைத் தாண்டி ஓடிக்கொண்டே போகும். வெடிப்பின் வழியே வெளிப்பக்கத்தில் V வடிவமாக, சுவரின் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்குச் சுரண்டு.

இனி உருக்குவது. கம்பியை மட்டும் உருக்கி ஊற்றினால் அது மேலே படிந்து நிற்கும், நகத்தால் உரிக்கலாம். அடிப் பிளாஸ்ரிக்கும் உருகி இரண்டும் கலக்க வேண்டும். சோல்டரிங் அயனின் நுனியைச் சாய்த்து மெல்ல அழுத்திக்கொண்டே போ. பளபளவென்று தேன்போல இளகினால் சூடு சரி. புகைந்து பழுப்பானால் கூடிவிட்டது, அந்த இடம் பிறகு நொறுங்கும். வேலையைத் திறந்த வெளியில் செய். பிபி ஆறும்போது சுருங்கும், மூடியின் விளிம்பு வளைந்துவிட்டால் றப்பர் சீல் அமராது. அதனால் மூடியைப் பெட்டியோடு கிளிப் போட்டு இறுக்கிவைத்தே உருக்கு, தானாக ஆறும்வரை கழற்றாதே. தண்ணீர் ஊற்றி ஆற்றவும் வேண்டாம்.

வலுவுக்கு, வெளிப்பக்கத்தில் மட்டும், ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் வலை. 20 மில்லிமீற்றர் அகலத்தில் வெட்டி, வெடிப்பின் மேல் வைத்து, அயனால் அழுத்திப் பிளாஸ்ரிக்குக்குள் புதைத்து, மேலே இன்னொரு படை கம்பி உருக்கு. வலையின் ஓரம் எங்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நம் ஊர் உப்புக்காற்றுக்குச் சாதாரண இரும்பு வலை துருப்பிடிக்கும். நுளம்பு வலையும் சரிவராது. கண்ணாடியிழை வலைக்கு பிவிசி பூசியிருக்கும், சூட்டில் கெட்ட புகை விடும். உட்பக்கத்தில் தொங்கும் உருகிய பிளாஸ்ரிக் துளிகளைக் கத்தியால் செதுக்கி, தூளைக் கழுவிவிட்டுத்தான் சென்சரைப் பூட்ட வேண்டும்.

இவ்வளவும் செய்து, வெடித்த காரணத்தை விட்டால் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். பெட்டியைத் தாங்கும் றப்பர் புஷ்களைப் பார். கல்லாக இறுகியிருந்தாலோ ஒன்று இல்லாவிட்டாலோ புதிது போடு. எஞ்சின் மவுண்ட் தளர்ந்திருந்தால் எஞ்சின் ஆடும் ஒவ்வொரு முறையும் அந்தக் கழுத்தைத்தான் இழுக்கும். கழுத்தில் கிளிப்பை முறுக்கி நெரிக்கவும் கூடாது, பைப் கையால் சுற்ற முடியாத அளவு போதும். அந்த மடிப்புப் பைப் றப்பர் என்பதால் அதை உருக்கி ஒட்ட முடியாது, வெடித்திருந்தால் மாற்று. டேர்போ அழுத்தம் வரும் பைப்பும் அப்படித்தான்.

பூட்டுவதற்கு முன் பைப் வாயில் கட்டிய துணியை எடு. 500 கிலோமீற்றர் ஓடிய பிறகு மூடியைத் திறந்து, பில்டருக்கு அப்பால் சுத்தமான பக்கத்தை வெள்ளை டிசுவால் துடைத்துப் பார். மண்நிறக் கோடு விழுந்தால் இன்னும் எங்கோ தூசியை இழுக்கிறது. அப்போது நேரம் வீணாக்காமல் புது மூடி வாங்கிப் போடு, காசு நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா