காட்வின் டைரியும் பக்க எண்களும்

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தோஷம். முழங்கால் வலியைப் பற்றி மட்டும் மழுப்பியிருக்கிறாய். டாக்டரைப் போய்ப் பார்.

என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டிருந்தாயே, வில்லியம் காட்வினின் டைரிக்குள் தலையை விட்டிருக்கிறேன். 1793இல் ‘அரசியல் நீதி’ எழுதிய சிந்தனையாளர். ‘பிராங்கன்ஸ்டைன்’ எழுதிய மேரி ஷெல்லியின் அப்பா என்றால் உனக்குச் சட்டென்று பிடிபடும். 1788 முதல் 1836 வரை 32 நோட்டுகள். ஆக்ஸ்போர்டில் பாட்லியன் நூலகத்தில் இருப்பதை இணையத்திலும் போட்டிருக்கிறார்கள். மனம் திறந்து ஒரு வரி எழுதமாட்டார் மனுஷன். மனைவி மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் இறந்த 1797 செப்டம்பர் 10 அன்று, எட்டு மணிக்கு இருபது நிமிஷம் முன்பு என்று நேரத்தை மட்டும் குறித்திருக்கிறார். பிறகு வெறும் கோடுகள்.

ஆனால் படித்ததை எழுதாமல் விடமாட்டார். பெரும்பாலும் ஆசிரியர் பெயர், பக்க எண், அவ்வளவுதான். ‘ஹ்யூம்’ என்றால் டேவிட் ஹ்யூம் எழுதிய இங்கிலாந்து வரலாறா, அவருடைய தத்துவ நூலா? ‘ஸ்மித்’ என்றால் பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித்தா, நாவலாசிரியை ஷார்லட் ஸ்மித்தா? இங்கேதான் பக்க எண் கைகொடுக்கிறது. நாளுக்கு நாள் ஏறிவந்த எண் திடீரென்று சிறுத்தால் அடுத்த தொகுதிக்குப் போயிருக்கலாம். எண் எதுவரை போகிறது என்று பார்த்து, அந்தக் காலத்துப் பதிப்புகளின் பக்கக் கணக்கோடு வைத்துப் பார்த்தால், எது இல்லை என்றாவது சொல்லிவிடலாம். 300 பக்கப் புத்தகத்தில் யாரும் 412ஆம் பக்கம் படிக்க முடியாதே! அங்கங்கே புரட்டியதற்குத் தனிக் குறி வைத்திருக்கிறார். அந்த நாள்களில் இந்த வித்தை பலிக்காது.

அவர் இறந்த வருஷமே நூல்கள் ஏலத்துக்குப் போயின. ஏலப் பட்டியல் உதவும், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. அலமாரியில் இருந்ததெல்லாம் படித்ததாகிவிடுமா? இரவல் வாங்கிப் படித்தது பட்டியலில் வருமா?

எனக்கு எரிச்சல் வேறொன்றில். இன்னதைப் படித்தார் என்று தெரிந்த மறுநிமிஷம், ‘தாக்கம்’ என்று கட்டுரை எழுதக் கிளம்பிவிடுகிறார்கள். நாற்பதாம் பக்கத்தோடு ஒரு நூலை விட்டிருந்தால், பிடிக்காமல் விட்டாரா, வேறு வேலை வந்து விட்டாரா என்று பக்க எண் சொல்லுமா?

அப்புறம், ஆடிட்டர் மூளைக்கு ஒரு கேள்வி. ஒரே ஆசிரியரின் இரண்டு நூல்களை ஒருவர் மாற்றி மாற்றிப் படித்து, எண்களை மட்டும் எழுதி வைத்திருந்தால் எப்படிப் பிரிப்பாய்? யோசித்து எழுது.

அன்புடன்,
ராகவன்