கீழே இறங்கும் வழி

யாழினி கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று ராத்திரி போனில், "காதுலேர்ந்து மூளைக்கு மேலே போற பாதை மனப்பாடம் ஆயிடுச்சும்மா, அங்கேர்ந்து கீழே வர்றதுதான் மண்டையில ஏறமாட்டேங்குது, ரெண்டு மார்க்தானே, விட்டுடறேன்" என்றாய். அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நான் பேசினால் நீ "ம்" கொட்டிக்கொண்டே துணி மடிப்பாய். அதனால்தான் காகிதம்.

மேலே போகும் ஓசை நின்று போகும் இடங்களை நீ வரிசையாக ஒப்பித்தே காட்டினாய். செவிநரம்பு, காக்ளியர் நியூக்ளியஸ், சுப்பீரியர் ஆலிவ், லேட்டரல் லெம்னிஸ்கஸ், இன்ஃபீரியர் கொலிகுலஸ், அப்புறம் மீடியல் ஜெனிகுலேட், கடைசியில் மூளையின் மேலடுக்கான மூளைப்புறணி. சரிதான். தினமும் பெரா, அதாவது ஓசைக்கு மூளைத்தண்டு தரும் பதிலை அலைகளாக வரையும் டெஸ்ட், எடுக்கிற எனக்கு அந்த வழி தூக்கத்திலும் தெரியும். க்ளிக் கொடுத்து ஆறு ஏழு மில்லிசெகண்டுக்குள் ஐந்தாம் அலை எழுந்துவிடும். குழந்தை அப்போது அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருக்கும்.

நான் படித்த காலத்தில் எங்கள் நோட்டிலும் இறங்கும் வழி அரைப்பக்கம்தான். "ஃபீட்பேக்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த வார்த்தையே பிடிக்காது. நம் ஊர் லாரி ஆபீசை நினைத்துப் பார். சரக்கு வந்து சேர்ந்த பிறகு கணக்குப் பார்ப்பது மட்டுமா அவர்கள் வேலை? லோடு ஏற்றுகிற இடத்துக்கே போன் போகும்: "அதை விடு, இதை ஏத்து." மூளைப்புறணி செய்வதும் அதுதான். அதன் ஐந்தாம் அடுக்கிலிருக்கும் பெரிய செல்கள் கொலிகுலஸ் வரை நரம்பு நாரை இறக்குகின்றன. ஆறாம் அடுக்கு ஜெனிகுலேட்டுக்கு அனுப்புகிறது. ஜெனிகுலேட்டிலிருந்து மேலே ஏறும் நார்களைவிட, மேலிருந்து அதற்கு இறங்கும் நார்களே அதிகம். சில நார்கள் நடுவில் எங்கும் நிற்காமல் ஆலிவுக்கும் காக்ளியர் நியூக்ளியஸுக்குமே போய்விடுகின்றன.

ஆலிவிலிருந்து அடுத்த கட்டம் காதுக்குள்ளேயே. அந்த நார்க்கட்டை 1946இல் ராஸ்முசென் என்ற ஆய்வாளர் விவரித்தார். பத்து வருஷம் கழித்து கலம்போஸ் என்ற இன்னொருவர் பூனைகளில் அதை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தார். ஓசை அதே ஓசைதான், செவிநரம்பின் பதில் மட்டும் சுருங்கிப்போனது.

இதை ஹேர் செல், அதாவது உள்காதில் ஓசைக்கு அசையும் மயிர்ச் செல், கணக்கோடு சேர்த்துப் படி, மறக்காது. உள் வரிசையில் 3,500 போல. வெளியே மூன்று வரிசையில் 12,000 போல. ஆனால் செவிநரம்பில் மேலே போகும் 30,000 நாரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உள் வரிசையிலிருந்துதான் கிளம்புகிறது. அப்போது அந்த 12,000 எதற்கு? அவை கேட்பதற்கு இல்லை, ஓசையைத் தூக்கிக் கொடுப்பதற்கு. நீண்டு சுருங்கி, மெல்லிய ஓசையைப் பெரிதாக்குகின்றன. இறங்கி வரும் நாரில் ஒரு பகுதி உட்காருவது இவற்றின் அடியில்தான். அது அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை விட்டதும் தூக்கல் குறையும். பின்னணியில் விடாமல் இரையும் சத்தம் அமுங்கும். அந்த இரைச்சலுக்கே பதில் சொல்லிக் களைத்துக் கிடந்த நரம்புக்கு, நடுவில் வரும் பேச்சை எடுக்க இடம் கிடைக்கும்.

நம்பிக்கை வரவில்லையென்றால் உன் ரூம்மேட்டை லேபில் படுக்கவை. இடது காதில் மைக் உள்ள புரோப் வைத்து ஓஏஇ எடு, உள்காதிலிருந்து வெளியே வரும் ஓசையை அளக்கும் டெஸ்ட். காதே போடுகிற அந்தச் சின்னச் சத்தம் எத்தனை டெசிபல் என்று குறித்துக்கொள். புரோப்பைத் தொடாதே. இப்போது வலது காதில் மட்டும் 60 டெசிபல் இரைச்சல் கொடுத்து மறுபடி எடு. ஒரு டெசிபல், சிலருக்கு இரண்டு, இறங்கியிருக்கும். இவ்வளவுதானா என்று முதல் தடவை நானும் உதட்டைப் பிதுக்கினேன். அப்புறம்தான் உறைத்தது: சத்தம் கொடுத்தது வலதில், அடங்கியது இடது. மூளைத்தண்டு வழியாகப் போய்த் திரும்பி வராமல் இது நடக்காது.

ஆனால் பரீட்சையில் இதைப் புறணியின் வேலை என்று எழுதிவைக்காதே. இது கீழ்மட்டத்திலேயே முடியும் அனிச்சைச் செயல். புறணிக்கும் இதில் கை உண்டு என்பதற்கு வேறு சாட்சி வேண்டும். அதற்கு பிரான்சில் லியோன் நகரத்து ஆய்வு, 2006இல் வந்தது. வலிப்பு சிகிச்சைக்காக மூளைக்குள் எலக்ட்ரோடு வைத்திருந்தவர்கள். அவர்களுடைய கேட்கும் புறணியைத் தூண்டியபோது, எதிர்ப்பக்கக் காதின் ஓஏஇ குறைந்தது. உச்சியில் தொட்டால் காதின் அடியில் அசைகிறது.

அப்புச்சிக்குக் காது மெஷின் வாங்கிய கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நாற்பது வருஷம் லாரிப் பட்டறையில் இருந்தவர். நாலு இன்ஜின் ஓடும் இடத்தில் ஒன்றில் மட்டும் டேப்பெட் தட்டுவதைச் சொல்லிவிடுவார். கடைசியில் அந்தப் பட்டறைச் சத்தமே காதைத் தின்றது. மெஷின் விற்றவர் "மாட்டுன உடனே பழையபடி கேக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் அப்போது ஊரில் இல்லை. மூன்றாம் நாள், "கரண்டி விழுந்தா இடி விழுந்தாப்பல இருக்குது சாமி, எவன் எங்கிருந்து பேசறான்னே தெரியல" என்று கழற்றி பீரோவில் வைத்துவிட்டார்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஃபெரெட் என்ற கீரி மாதிரிப் பிராணியை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வந்தது. ஒரு காதை அடைத்தால் ஓசை வரும் திசை அதற்குக் குழம்பும். பல நாள் பழக்கினால் திரும்பக் கற்றுக்கொள்ளும். ஐந்தாம் அடுக்கிலிருந்து கொலிகுலஸுக்கு இறங்கும் செல்களை அழித்துவிட்டால்? இரண்டு காதும் திறந்திருக்கும்வரை ஒரு குறையும் தெரியாது. அடைத்த பிறகுதான் தெரியும், புதிதாகக் கற்க அதனால் முடியாது. பழகிப்போன கேட்டலுக்கு இந்த வழி பெரிதாக வேண்டாம், மாறிப்போன காதுக்கு மறுபடி பழக இது வேண்டும். மனுஷருக்கும் மெஷினுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் படித்த வாரம்தான் பீரோவைத் திறந்தேன்.

தினமும் சாயங்காலம் திண்ணையில் அப்புச்சியைக் கண்ணை மூடி உட்காரவைத்து, நானும் அம்மாயியும் இடம் மாறி மாறிப் பேசுவோம். எந்தப் பக்கம் என்று கை காட்ட வேண்டும். முதல் வாரம் முழுக்கத் தப்பு. அம்மாயிக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அவருக்குக் கோபம். ஒன்றரை மாதத்தில் பெரும்பாலும் சரியாகக் காட்டினார். கல்யாண மண்டபத்தில் இன்றும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறார், அதை மறைக்க மாட்டேன். ஹேர் செல் போனது போனதுதான்.

ரூம்மேட்டுக்கு எவ்வளவு இறங்கியது என்று எழுது. இறங்கவே இல்லையென்றால் முதலில் புரோப் சரியாக உட்கார்ந்ததா என்று பார். இரைச்சல் ரொம்பக் கூட்டிவிடாதே, நடுக்காதுத் தசை இழுத்துக்கொண்டால் எது எதனால் என்று பிரிக்க முடியாது. பார்சலில் முறுக்கு அனுப்பியிருக்கிறேன். அதில் பாதி அவளுக்கு, சும்மா படுக்கச் சொல்லாதே.

அம்மா