அப்டேட் வந்த அன்றே மெர்ஜ் செய்யாதே

அன்புள்ள மகளுக்கு,

பிறர் எழுதி நீங்கள் பயன்படுத்தும் எந்த லைப்ரரிக்குப் புது வெர்ஷன் வந்தாலும், அது உங்கள் கோடில் தானாகவே மெர்ஜ் ஆகும்படி உங்கள் டீமில் வைத்துவிட்டதாகச் சொன்னாய். வேலை மிச்சம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லா அப்டேட்டுக்கும் ஒரே விதி வைத்தால் என்றாவது மாட்டிக்கொள்வீர்கள்.

லினக்ஸில் ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இஸட் லைப்ரரிக்குள் பின்வாசல் வைத்த விவகாரத்தையே பார். வேறொரு மெஷினுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி இழுக்கிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினியர் குடைந்து பார்த்ததில்தான் 2024 மார்ச் 29 அன்று குட்டு உடைந்தது. ‘ஜியா டான்’ என்ற பெயரில் வந்த ஆசாமி இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒழுங்காகப் பேட்ச் அனுப்பி, ரிலீஸ் போடும் உரிமை வரை வாங்கியிருந்தார். விஷம் டெஸ்ட் ஃபைல்களுக்குள் ஒளிந்திருந்தது. அதைக் கிளப்பிவிடும் வரிகள் ரிலீஸுக்காகக் கட்டித்தரும் டார் ஃபைலில் மட்டும்; எல்லோரும் கோடைப் பார்க்கும் ‘கிட்’ ரெப்போவில் கிடையாது. அந்த ரெப்போவை வரி வரியாகப் படித்தவருக்கும் தெரிந்திருக்காது. சிக்கியவை 5.6.0, 5.6.1 வெர்ஷன்கள் மட்டுமே. டெபியன் லினக்ஸில் பழைய, நிலையான ‘ஸ்டேபிள்’ பதிப்பில் இருந்தவர்கள் தப்பித்தார்கள், புதியதை உடனே வாங்கும் ‘அன்ஸ்டேபிள்’காரர்கள் அலறினார்கள். 2025 செப்டம்பரில், ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்கள் கிடைக்கும் என்பிஎம்மில் ‘சாக்’, ‘டீபக்’ என்ற பேக்கேஜ்களுக்கு நடந்ததும் இதே ரகம். போலி மெயிலில் பராமரிப்பாளரின் அக்கவுன்ட் பறிபோனது. கெட்ட வெர்ஷன்களைச் சில மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் பொறுத்தவனுக்கு ஒன்றுமில்லை.

பொறுப்பதற்கு வழி இருக்கிறது. என்பிஎம் பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் மாற்றுக் கருவியான பிஎன்பிஎம்மில், 10.16 வெர்ஷன் முதல் ‘மினிமம் ரிலீஸ் ஏஜ்’ என்ற செட்டிங் உண்டு. கணக்கு நிமிடத்தில்: 1440 என்றால் ஒரு நாள். நானாக இருந்தால் 4320, அதாவது மூன்று நாள், போடுவேன். பில்ட் சர்வரில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ வேண்டாம், ‘என்பிஎம் சிஐ’ போடு. தேவையான பேக்கேஜ்களைப் பட்டியலிடும் ‘பேக்கேஜ் ஜேசன்’ ஃபைலும், அவற்றின் துல்லியமான வெர்ஷன்களைப் பதியும் லாக் ஃபைலும் ஒத்துப்போகாவிட்டால் முன்னது லாக் ஃபைலையே சத்தமில்லாமல் திருத்திவிடும், பின்னது எரர் அடித்து நிற்கும். நிற்பதுதான் நமக்கு வேண்டும். இன்ஸ்டால் ஆகும்போதே ஓடும் ஸ்கிரிப்டுகளையும் அடைத்துவிடு. அடைத்தால் கம்பைல் ஆக வேண்டிய சில நேட்டிவ் மாட்யூல்கள் உடையும். அவற்றுக்கு மட்டும் பெயர் சொல்லி அனுமதி கொடு.

இனி மறுபக்கம். 2021 டிசம்பரில், ஜாவா புரோகிராம்கள் லாக் எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது மூன்று நாள் பொறுத்திருந்தால் கதை கந்தல். அதிலும் முதலில் வந்த 2.15.0 வெர்ஷன் ஓட்டையை முழுதாக அடைக்கவில்லை, 2.16.0, 2.17.0 என்று துரத்திக்கொண்டே போக வேண்டியிருந்தது. பலருக்கு லாக்4ஜே தங்களிடம் இருப்பதே தெரியாது, வேறொரு லைப்ரரியின் வாலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்திருந்தது. எந்த லைப்ரரி எதை இழுத்து வருகிறது என்று காட்டும் ‘எம்விஎன் டிபென்டென்சி ட்ரீ’ கட்டளையை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்தது. ஆகவே செக்யூரிட்டி ஃபிக்ஸுக்குத் தனிப் பாதை வேண்டும். அப்டேட்டுகளைத் தானாகக் கொண்டுவரும் கிட்ஹப்பின் டிபென்டாபாட்டில் ‘கூல்டவுன்’ (காத்திருப்பு) வைத்தாலும் அது சாதாரண வெர்ஷன் அப்டேட்டுக்கு மட்டும்தான், செக்யூரிட்டி அப்டேட்டைத் தடுக்காது. பிஎன்பிஎம்மில் நீங்கள்தான் விலக்குப் பட்டியலில் அந்தப் பேக்கேஜைச் சேர்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: எல்லா அப்டேட்டும் நம் கையில் இருப்பதில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் அப்டேட்டால் நடந்த குளறுபடியில், ‘ஒரு வெர்ஷன் பின்னாலேயே நிற்போம்’ என்று கவனமாக இருந்தவர்களின் மெஷின்களும் நீலத்திரை காட்டின. வந்தது மெஷினில் ஓடும் அந்த மென்பொருளின் (சென்சாரின்) புது வெர்ஷன் அல்ல, அதற்கான தகவல் ஃபைல். அந்த ஃபைல் 21ஆவது இன்புட்டைத் தேடியது, சென்சார் கொடுத்ததோ 20. சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் படுத்தன. வெளி விற்பனையாளரிடம் கேட்கும்போது “வெர்ஷனை நிறுத்தலாமா?” என்பதோடு விடாமல், “தகவல் ஃபைலையும் படிப்படியாக அனுப்புவீர்களா?” என்றும் கேள்.

ஏஐ எழுதித்தரும் கோடில் பேக்கேஜ் பெயர் வந்தால், நேராக இன்ஸ்டால் கொடுக்காதே. இல்லாத பெயரை அது இருப்பதுபோல் சொல்லும். அந்தப் பெயரைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு காத்திருக்கவும் ஆள் உண்டு. முதல் ரிலீஸ் எப்போது, ரெப்போ லிங்க் வேலை செய்கிறதா, யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சேர்.

அன்புடன்,
அம்மா