கேட்டில் நின்று திரும்பிப் போனவர்களுக்காக: ஃபிஃபா நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

உலகக் கால்பந்தை நடத்தும் ஃபிஃபாவின் மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், உவரிக்கும் கூட்டப்புளிக்கும் நடுவில் உள்ள ஒரு கடற்கரை ஊரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் பந்து உதைக்காத பையன் கிடையாது. உலகக் கோப்பை வந்துவிட்டால் பாதிப் படகுகளில் பிரேசில் கொடியும் மீதிப் படகுகளில் அர்ஜென்டினா கொடியும் பறக்கும். ஊர்த் திருவிழாவையொட்டி வருஷாவருஷம், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்துப் பந்தயம் நடத்துகிறோம். பதினாறு வருஷமாகக் கேட்டில் நின்று டிக்கெட் கிழித்துக் கொடுப்பதும், ராத்திரி உட்கார்ந்து வசூலை எண்ணி நோட்டில் எழுதுவதும் என் பொறுப்பு. அந்த அனுபவத்தை வைத்துத்தான் டிக்கெட் விலையைப் பற்றி உங்களிடம் பேச வருகிறேன்.

2025 ஜூனில் அமெரிக்காவில் கிளப் அணிகளுக்காக நீங்கள் நடத்திய கிளப் உலகக் கோப்பையை எங்கள் பையன்கள் கண் விழித்துச் செல்போனில் பார்த்தார்கள். ஆர்லாண்டோவில் தென்கொரியாவின் உல்சானும் தென்னாப்பிரிக்காவின் மமெலோடி சன்டவுன்ஸும் ஆடின. இருபத்தைந்தாயிரம் பேர் உட்காரக்கூடிய மைதானத்துக்கு வந்தவர்கள் 3,412 பேர். அட்லாண்டாவில் செல்சியும் லாஸ் ஏஞ்சலஸ் எஃப்சியும் மோதியபோது, எழுபதாயிரம் பேருக்கு இடமுள்ள அரங்கில் 22,137 பேர். வரிசை வரிசையாக வெறும் நாற்காலிகள் ஓடுவதைப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது பிராக்டிஸ் மேட்சா?” என்று ஒரு பையன் கேட்டான். இறுதி ஆட்டத்துக்கு 81,118 பேர் வந்தார்கள். அதை மறைக்கவில்லை. ஆனால் 63 ஆட்டங்களில் எத்தனை ஆட்டங்களுக்கு அப்படிக் கூட்டம் வந்தது?

அட்லாண்டா ஆட்டம் திங்கள்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள்? நாங்கள் பந்தயத்தை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வைப்போம். அன்றைக்கு எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. ஊரார் எப்போது ஓய்வாக இருப்பார்கள், கையில் எவ்வளவு இருக்கும் என்பதைப் பார்த்துத்தானே ஆட்டம் வைக்க வேண்டும்.

எங்கள் ஊரில் நடந்த ஒரு தவறைச் சொல்கிறேன். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. ஏழு வருஷத்துக்கு முன் மலப்புறம் பக்கமிருந்து பெரிய அணி ஒன்றை இறக்கினோம். செலவு எகிறியது. அதுவரை இருபது ரூபாயாக இருந்த டிக்கெட்டை நூறு ரூபாய் ஆக்கலாம் என்று கமிட்டியில் முடிவானது. நானும் தலையாட்டினேன். சவுக்குக் கம்பு வாங்கிப் புதிதாகக் கேலரி கட்டினோம். சுற்றிலும் தென்னங்கீற்றுத் தட்டி வைத்து அடைத்தோம்.

கார்னர் கொடிக்குப் பக்கத்தில் எந்த வருஷமும் ஒரே இடத்தில் உட்காருகிற தாத்தா ஒருவர் உண்டு. நாள் முழுக்கக் கிழிந்த வலை தைக்கிறவர். அன்றைக்கும் நாலு மணிக்கே வந்துவிட்டார். வேட்டி மடிப்பிலிருந்து இரண்டு பத்து ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். விலையைச் சொன்னேன். கையை இழுத்துக்கொண்டார். “சும்மா உள்ள போங்க தாத்தா” என்றேன். “ஓசியில வரமாட்டேன் மக்கா. எப்பவும் டிக்கெட் எடுத்துத்தான் வந்திருக்கேன். இருக்கட்டும், நான் வெளிய நின்னு சத்தத்தக் கேட்டுக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டுத் தட்டிக்கு வெளியே போய் நின்றார்.

அன்று உள்ளே சத்தமே எழவில்லை. கேலரியில் காலே பங்குதான் ஆள். கோல் விழுந்தபோது கைதட்டியது மைக்கில் பேசிக்கொண்டிருந்தவரும் மாற்று ஆட்டக்காரர்களும்தான். இடைவேளையில் வெளியே எட்டிப் பார்த்தேன். தாத்தாவைக் காணவில்லை.

பயந்துபோய் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி இருபது ரூபாய் என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தோம். முதல் வாரம் நூறு கொடுத்தவர்கள் வந்து மிச்ச எண்பதைக் கேட்டார்கள். கேட்டது நியாயம், பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. மற்றவர்கள் ரோஷத்தில் வரவில்லை. பழைய கூட்டம் திரும்பிவர மூன்று வருஷம் ஆனது. என் நோட்டில் அந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது: நூறு ரூபாய் வாரத்தின் வசூல், அதற்கு முந்தைய வருஷத்து இருபது ரூபாய் வாரத்தின் வசூலைவிடக் குறைவு.

இதே காரியத்தைத்தான் நீங்கள் செல்சி–ஃப்ளுமினென்சி அரையிறுதியில் செய்தீர்கள். 473.90 டாலர், அதாவது ஏறக்குறைய நாற்பதாயிரம் ரூபாய் என்று இருந்த டிக்கெட் ஆட்டம் நெருங்கியதும் 13.40 டாலருக்கு இறங்கியது. மயாமியில் தொடக்க ஆட்டத்துக்கு ஆள் சேர்க்க, கல்லூரி மாணவர்களுக்கு இருபது டாலருக்கு ஒரு டிக்கெட்டும் கூடவே நாலு டிக்கெட் இலவசமும் என்று தர வேண்டி வந்தது. நான் கரையில் மீன் ஏலம் பார்த்து வளர்ந்தவன். காலையில் வந்த மீன் உச்சி வெயிலுக்குள் போகவில்லை என்றால் விலையை இறக்கித்தான் ஆக வேண்டும், மிஞ்சினால் கருவாடு போடலாம். விசில் ஊதிய பிறகு காலி நாற்காலியை எதுவும் செய்ய முடியாது. ஆகவே இறக்கியதைக் குறை சொல்லவில்லை. முதல் நாளே நம்பி முழு விலை கொடுத்தவர்களை நினைத்துப் பாருங்கள். உங்கள் மேல் அதிகம் நம்பிக்கை வைத்தவர்களுக்குத்தான் நஷ்டம். அவர்கள் அடுத்த முறை கடைசி நாள்வரை காத்திருப்பார்கள், அல்லது வரவே மாட்டார்கள்.

தேவையைப் பார்த்து விலை ஏறி இறங்கும் முறையை 2026 உலகக் கோப்பைக்கும் கொண்டுவந்திருக்கிறீர்கள். அது எங்களுக்குப் புதிதல்ல. பொங்கலுக்குச் சென்னையிலிருந்து ஊருக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஆம்னி பஸ் கட்டணம் அதைக் கற்றுத் தந்திருக்கிறது. ஆனால் பொங்கலுக்கு ஊருக்கு வந்தே தீரவேண்டும், அம்மா காத்திருப்பாள். கால்பந்து பார்க்க அப்படி யாருக்கும் கட்டாயமில்லை. பிரியத்தில் வருகிறவர்களை எவ்வளவுதான் பிழிய முடியும்?

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து இந்தக் கோப்பையைக் கேட்டு விண்ணப்பித்தபோது, 21 டாலரிலிருந்து டிக்கெட் கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்தன. விற்பனை தொடங்கியபோது ஆகக் குறைந்த விலை 60 டாலர் ஆகியிருந்தது. 2025 டிசம்பரில் தேசிய அணிகளின் ரசிகர்களுக்கு ஒதுக்கிய டிக்கெட்டுகளின் விலை வெளிவந்தது. இறுதி ஆட்டத்துக்கு அதில் ஆகக் குறைந்ததே 4,185 டாலர். எங்கள் கணக்கில் மூன்றரை லட்சத்துக்கும் மேல். எங்கள் பக்கம் ஒரு வள்ளத்துக்கு இயந்திரமும் வலையும் வாங்க அலைகிறவனுக்கு அது என்ன தொகை என்று தெரியும். ஐரோப்பிய ரசிகர் அமைப்பு இதை மாபெரும் துரோகம் என்று சொன்னது. எதிர்ப்பு வலுத்ததும் ஒவ்வொரு அணியின் ரசிகர் ஒதுக்கீட்டிலும் பத்தில் ஒரு பங்கை 60 டாலருக்குத் தருவதாக அறிவித்தீர்கள். சத்தம் போட்டால் கேட்கிறீர்கள் என்று தெரிந்ததால்தான் நானும் எழுதுகிறேன். அந்தப் பத்தில் ஒன்று மிகச் சின்ன பங்கு. வாங்கிய டிக்கெட்டைப் போக முடியாமல் மறுவிற்பனைக்குக் கொடுத்தால் விற்பவரிடம் 15 சதவீதமும் வாங்குபவரிடம் 15 சதவீதமும் நீங்களே எடுத்துக்கொள்வதும் எனக்குப் புரியவில்லை. ஒரே நாற்காலியில் மூன்று முறை காசு பார்ப்பது சரியா?

பணம் வந்தால்தானே 211 நாடுகளின் சங்கங்களுக்கும் பிரித்துக் கொடுக்க முடியும் என்பீர்கள். நியாயமான பேச்சுதான், எங்கள் கமிட்டியும் அன்றைக்கு அதையே சொன்னது. ஆனால் உங்கள் கணக்கையே பாருங்கள். 2019 முதல் 2022 வரை நான்கு ஆண்டுகளில் ஃபிஃபாவின் வருவாய் சுமார் 757 கோடி டாலர். அதில் டிக்கெட்டும், சாப்பாடு உபசரிப்போடு விற்கும் சொகுசு இருக்கைகளும் சேர்த்து நூறு கோடி டாலரைத் தொடவில்லை. பெரிய பங்கு டிவி உரிமையிலிருந்து வந்தது. டிவிக்காரர்கள் எதற்குக் காசு கொடுக்கிறார்கள்? பந்துக்கும் இருபத்திரண்டு பேருக்கும் மட்டுமா? கொரோனா காலத்தில் வெற்று மைதானத்தில் ஆட்டம் நடந்தபோது, பதிவு செய்து வைத்த கூட்டச் சத்தத்தை மேலே ஓட்டித்தான் ஒளிபரப்பினார்கள். அந்தச் சத்தத்தை இலவசமாகத் தருகிறவர்கள், காசும் கொடுத்து உள்ளே வருகிறவர்கள். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு எதை விற்பீர்கள்?

நீங்கள் நன்றாகச் செய்த ஒன்றையும் சொல்லவேண்டும். 2022இல் கத்தாரில் வசிப்பவர்களுக்கு 40 ரியாலில் டிக்கெட் வைத்தீர்கள். அன்றைய மதிப்பில் சுமார் தொள்ளாயிரம் ரூபாய். என் அத்தை மகன் அங்கே கட்டட வேலையில் இருந்தான். நவம்பர் 28 அன்று அல் வக்ராவில் கேமரூன்–செர்பியா ஆட்டம். அந்த ஊர் ஒரு காலத்தில் முத்துக்குளித்தும் மீன் பிடித்தும் பிழைத்த ஊர். ஆட்டம் நடந்த அல் ஜனூப் அரங்கின் கூரையே பாய்மரக் கப்பலை நினைத்து அமைத்ததுதான். எங்கள் பாட்டன் பூட்டன் முத்துக்குளித்த கரையிலிருந்து போனவன் அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பான் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ரயிலும் இலவசம். கேமரூன் 3–1 என்று பின்தங்கியிருந்தபோது அபூபக்கர் கோல்கீப்பர் தலைக்கு மேல் பந்தை மெதுவாகத் தூக்கிப் போட்டாரே, அந்த நேரத்தில் அவன் எனக்கு வீடியோ கால் போட்டான். முகம் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. ஆட்டம் 3–3. இன்றைக்கும் ஊருக்கு வந்தால் அந்த டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுவான். “என் சம்பளத்துல எடுத்தது” என்று சேர்த்தே சொல்வான்.

அந்தத் தாத்தா சொன்னதும் இதுதான். கடைசி நேரத்தில் இடத்தை நிரப்பக் கொடுக்கும் இலவசம் வேறு, தன் காசில் எடுக்க முடிகிற டிக்கெட் வேறு. முன்னதில் ஆளைக் கூட்டிவந்து உட்கார வைக்கலாம். பின்னதில்தான் அவன் வீட்டு விசேஷத்துக்கு வருகிற மாதிரி வருவான்.

இந்தியாவையும் பாருங்கள். 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை நீங்கள் இங்கே நடத்தினீர்கள். நூறு ரூபாய்க்கும் குறைவாக டிக்கெட் கிடைத்தது. மொத்தம் 13,47,133 பேர் வந்தார்கள், அந்தப் போட்டியின் வரலாற்றில் அதுவரை அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. இங்கிலாந்தும் ஸ்பெயினும் ஆடிய இறுதி ஆட்டத்துக்குக் கொல்கத்தாவில் அறுபத்தாறாயிரத்துக்கும் மேல். நம் நாடு ஆடாத ஆட்டத்துக்கு! விலை மட்டுமே எல்லாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். அடுத்த ஆண்டே, 2018 ஜூன் 1 அன்று, மும்பையில் இந்தியா சீன தைபேயை, அதாவது தைவான் அணியை, 5–0 என்று வென்றது. இந்திய கேப்டன் சுனில் சேத்ரி மூன்று கோல். பார்த்தவர்கள் 2,569 பேர். மனம் நொந்து அவர் வீடியோவில் பேசினார்: திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் மைதானத்துக்கு வாருங்கள் என்று கெஞ்சினார். ஜூன் 4 அன்று கென்யாவுடன் ஆடியபோது, கொட்டும் மழையில் அரங்கம் நிறைந்தது. நீங்கள் வேண்டும் என்று ஒருவர் மனம் திறந்து கூப்பிட்டார், ஜனங்கள் வந்தார்கள். விலைப் பட்டியலும் ஒருவகையில் கூப்பிடுவதுதான். 4,185 என்ற எண்ணைப் பார்க்கிறவனுக்கு, நீ வேண்டாம் என்று சொன்னது போலத்தான் படும்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும், இறுதி ஆட்டம் உட்பட, கோலுக்குப் பின்னால் இருக்கிற இடங்களையாவது ஒரே விலை என்று வையுங்கள். அந்த ஊரில் ஒருவர் ஒரு நாள் கூலியில் எடுக்கக்கூடிய விலையாக அது இருக்கட்டும். தேவை கூடினாலும் ஏற்ற வேண்டாம், கூட்டம் வராவிட்டாலும் இறக்க வேண்டாம். ஏற்றி இறக்குவதை வசதியுள்ளவர்கள் உட்காரும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. போக முடியாதவர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் அதே விலைக்கு அடுத்தவருக்குப் போகட்டும்.

2034 உலகக் கோப்பையைச் சவுதி அரேபியாவுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அங்கே இப்போதே எங்கள் பக்கத்து ஆட்கள் கம்பி கட்டவும் சாரம் ஏறவும் போய்க்கொண்டிருக்கிறார்கள். கத்தாரில் வைத்ததுபோல, அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கான டிக்கெட் விலையை ரியாலில், எண்ணில், எழுத்தில் இப்போதே அறிவித்துவிடுங்கள். 21 டாலர் என்று எழுதியதற்கு நேர்ந்தது அதற்கும் நேராமல், தேதி போட்டுக் கையெழுத்தும் போடுங்கள்.

இப்படிக்கு,
செவன்ஸ் பந்தயத்தில் டிக்கெட் கிழிக்கிறவன்,
திருநெல்வேலி மாவட்டக் கடற்கரை