சாவியைக் கொடுக்க ஆறு வாரம்

ஜெலுத்தோங், பினாங்கு
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பி,

அப்பா உன் குரலைக் கேட்டு மூன்று வாரமாகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து அக்காவிடம் மட்டும் பேசுகிறாய். அவள் வாயில் எதுவும் தங்காது என்பது உனக்கும் தெரியும்; ஆகவே அவளிடம் சொன்னதை என்னிடம் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். தொலைபேசி என்றால் நான் கத்திவிடுவேன், நீ துண்டித்துவிடுவாய். எழுதும்போது எனக்குக் கொஞ்சம் நிதானம் வருகிறது.

ஹாக்கி அரையிறுதியில் வென்ற அன்று நீ அனுப்பிய படம் இன்னும் அம்மாவின் கைத்தொலைபேசியில் முகப்பில் இருக்கிறது. மணிக்கட்டில் சுற்றிய வெள்ளை நாடா, அதில் கறுப்பு மையில் பிலிப்பியர் 4:13. ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலிலேயே நின்று பதினைந்து பேருக்காவது காட்டியிருப்பாள். அடுத்த சனிக்கிழமை இறுதி ஆட்டம் சமநிலையில் முடிந்து ஷூட்-அவுட்டுக்குப் போனது. ஒவ்வொருவராகக் கோல்காவலரை எதிர்த்து ஓடி, எட்டு வினாடிக்குள் கோல் போட வேண்டும். ஐந்தாவது ஆளாக நீ ஓடினாய். எட்டு வினாடி முடிந்து ஊதல் கேட்டபோது பந்து உன் மட்டையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் காணொளியை நான்கு முறை பார்த்தேன். கோல்காவலரை வலப்பக்கம் இழுத்தது சரி. பந்தைத் திருப்பும்போது ஓர் அடி கூடுதலாக எடுத்துவிட்டாய். முப்பது ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுத்தவன் சொல்கிறேன், அங்கே நடந்தது அவ்வளவுதான். ஆண்டவர் உன்னைக் கைவிட்டதற்கான தடயம் அந்தத் திடலில் எங்கும் எனக்குத் தென்படவில்லை.

நீயோ அக்காவிடம், "வசனம் பலிக்கவில்லை" என்றாயாம். அடுத்த தேர்தலுக்கு அஞ்சல் வாக்குப் பதிவு செய்வாயா என்று அவள் கேட்டதற்கு, "ஆள்கிறவர்களை ஏற்படுத்துகிறவர் அவர்தானே, ரோமர் 13-இல் இருக்கிறதே, நான் எதற்கு?" என்றாயாம். இவை இரண்டும் தனித்தனிப் பேச்சு என்று நீ நினைக்கலாம். எனக்கு ஒரே பேச்சாகத்தான் படுகிறது. வேதத்தை முதலில் வெற்றிக்கான ரசீதாக வைத்துக்கொண்டாய். அது செல்லாமல் போனதும் சும்மா உட்காருவதற்கான விடுப்புக் கடிதமாக்கிக்கொண்டாய்.

இந்தப் பழக்கத்தை உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். 2012 ஆகஸ்ட் 5, ஞாயிற்றுக்கிழமை. உனக்குப் பத்து வயது. நோன்பு மாதம், நோன்பு திறந்தவர்களும் நாமும் சீனர்களுமாக முனையில் இருந்த மாமாக் கடை, அந்த இந்திய முஸ்லிம் உணவுக்கடை, நிரம்பி, நாற்காலி இல்லாதவர்கள் சாலையோரம் மோட்டார் சைக்கிள்களில் உட்கார்ந்திருந்தார்கள். லண்டன் ஒலிம்பிக் பூப்பந்து இறுதி ஆட்டம். நம் புக்கிட் மெர்த்தாஜாமில் வளர்ந்த லீ சோங் வெய் முதல் செட்டை 21-15 என்று எடுத்தபோது நீ என் தோளில் ஏறி நின்றாய். மூன்றாவது செட்டில் 19-21. சீனாவின் லின் டான் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடியபோது கடையில் தே தாரேக் தேநீர் ஆற்றுகிறவர்கூட கையை நிறுத்திவிட்டார். வீட்டுக்கு நடந்து வரும் வழியில் கேட்டாய்: "நான் ஜெபம் பண்ணினேனே அப்பா?"

உனக்கு நான் சொன்ன பதில் நினைவிருக்கிறதா? "கடவுள் அவருக்கு ரியோவில் தங்கம் வைத்திருக்கிறார்." ஏதோ பக்கத்தில் நின்று கேட்டவன்போலச் சொன்னேன். 2016-இல் ரியோவில் அரையிறுதியில் லின் டானையே வீழ்த்திவிட்டு, இறுதியில் சென் லோங்கிடம் 18-21, 18-21. தொடர்ந்து மூன்றாவது ஒலிம்பிக்கில் மூன்றாவது வெள்ளி. சொன்னது நடக்காத தீர்க்கதரிசியைப் பற்றி மோசே என்ன எழுதியிருக்கிறார் என்று உபாகமத்தில் பார்த்துக்கொள். அதன்படி நான் இன்று உயிரோடு இருக்கக்கூடாது.

ஸ்குவாஷ் ஆட்டக்காரர் நிக்கோல் டேவிட்டும் நம் ஊர்ப் பெண்தான். எட்டு முறை உலக வெற்றியாளர், 108 மாதங்கள் விடாமல் உலகின் முதல் இடம். அவருக்கு ஒலிம்பிக் பதக்கம் கிடையாது. களத்தில் யாரும் அவரிடமிருந்து அதைப் பறிக்கவில்லை. 2020 ஒலிம்பிக்கில் எந்த விளையாட்டைச் சேர்ப்பது என்று 2013-இல் புவெனஸ் ஐரிஸில் ஒலிம்பிக் குழு கூடி வாக்களித்தது. மல்யுத்தத்துக்கு 49, ஸ்குவாஷுக்கு 22. அவர் 2019-இல் ஓய்வு பெற்றுவிட்டார். ஸ்குவாஷ் 2028-இல்தான் ஒலிம்பிக்கில் நுழைகிறது. ஓட வேகமுள்ளவன் ஓடி முடித்துவிடுவதில்லை, சமயமும் தேவச்செயலும் நேரிட வேண்டும் என்று பிரசங்கி எழுதிவைத்தபோது இப்படி யாரையோ பார்த்திருக்க வேண்டும்.

இப்போது உன் நாடாவில் எழுதிய வசனம். என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு. சரி. அதற்கு முந்தின வசனத்தை யாரும் நாடாவில் எழுதுவதில்லை: "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்." சிறையில் இருந்த பவுல், பிலிப்பி சபையார் கொடுத்தனுப்பிய உதவிக்கு நன்றி சொல்லி எழுதிய பகுதி அது. வயிறு நிறைந்தாலும் காய்ந்தாலும் நிலை குலையாமல் இருக்கப் பழகிவிட்டேன் என்று சொல்லி முடித்த மூச்சிலேயே அந்த "எல்லாவற்றையும்" வருகிறது. அந்த எல்லாவற்றுக்குள் ஷூட்-அவுட்டில் பந்தைத் தவறவிட்டு நடந்து திரும்பி, சக ஆட்டக்காரர்களின் முகத்தைப் பார்ப்பதும் அடங்கும். அந்தச் சனிக்கிழமை நீ கோல்காவலருக்குக் கை கொடுத்ததைக் காணொளியின் கடைசியில் பார்த்தேன். வசனம் அங்கே பலித்திருக்கிறது, நீ கவனிக்கவில்லை.

உனக்குத் தாழ்ந்திருக்கத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை. இதை உன்னிடம் நான் இதுவரை சொன்னதில்லை.

2014-இல் நம் சபையின் ஆண்டுக் கூட்டம். அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் நான்தான் பொருளாளர். அந்த ஆண்டு முதன்முறையாக இன்னொருவர் நின்றார். என்னிடம் படித்தவர், வயதில் என்னைவிட இருபது குறைவு. துண்டுச் சீட்டுகளைப் போதகர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். அவருக்கு 31, எனக்கு 27. நான் எழுந்து கைதட்டினேன். நன்றாகவே கைதட்டினேன். பிறகு வீட்டுக்கு வந்து, காணிக்கை வைக்கும் இரும்பு அலமாரியின் சாவியை என் மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

கணக்கு முடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்கு முதல் வாரமே முடிந்துவிட்டது. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஆலயத்துக்குப் போகவில்லை. உங்களிடம் முழங்கால் வலி என்றேன். அந்த ஆறு வாரமும் சபையின் காணிக்கையை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, ரப்பர் வளையம் சுற்றி, போதகர் வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்தார்களாம். கடைசியில் புதிய பொருளாளரே ஒரு பை ரம்புத்தானோடு வீட்டுக்கு வந்தார். சாவியைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. "சார், ஏழைகள் நிதியை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?" என்றுதான் கேட்டார். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் உள்ளே இருந்து வந்த அம்மா தேநீர்க் கோப்பையை வைத்தாள். தட்டில், கரண்டிக்குப் பக்கத்தில், சாவி.

இது நடந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2018 மே 9. பொதுத்தேர்தல், புதன்கிழமை வாக்களிப்பு. வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு வாக்குச்சீட்டுகள் தாமதமாகப் போய்ச் சேர, முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்து, விமானத்தில் கொண்டுவந்து சேர்த்ததை நீயும் படித்திருப்பாய். அன்று யாருக்குப் போட்டேன் என்பது உனக்குத் தேவையில்லாதது. வந்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதும் வேறு கதை. நள்ளிரவு தாண்டி முடிவு தெரிந்துவிட்டது. ஆனால் மறுநாள் இரவு பத்து மணியளவில்தான் புதிய பிரதமர் பதவியேற்றார். அந்த நாள் முழுக்க நான் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து, "தோற்றாயிற்றல்லவா, சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதானே!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஒரு நாள்தானே ஆகியிருக்கிறது. ஆறு வாரம் ஆகட்டும்."

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. திரையில் வென்றவர்களை விட்டுவிட்டுத் தோற்றவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1957-இலிருந்து 61 ஆண்டுகள் வீட்டின் சாவியை இடுப்பில் செருகியிருந்தவர்கள். படை அவர்கள் காலத்துப் படை, போலீஸ் அவர்கள் காலத்துப் போலீஸ். மக்களின் தீர்ப்பை ஏற்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என்னால் ஓர் இரும்பு அலமாரிக்குக்கூட அதைச் செய்ய முடியவில்லை. மக்களாட்சி என்றால் வெல்கிறவனைத் தேர்ந்தெடுப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்; தோற்றவன் வீட்டுக்கு நடந்து போனால்தான் அந்தத் தேர்வுக்கே அர்த்தம் என்பது அன்று உறைத்தது. தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும் என்ற வரியை அதன்பின் என்னால் சாதாரணமாகப் படித்துக்கொண்டு போக முடிவதில்லை.

ரோமர் 13-க்கு வருகிறேன். அதை எழுதிய அதே பவுல் பிலிப்பியில் என்ன செய்தார் என்று அப்போஸ்தலர் 16-ஐப் படி. ஆம், உன் நாடாவில் இருக்கிற அதே பிலிப்பி. விசாரிக்காமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். விடிந்ததும் அதிகாரிகள், சத்தமில்லாமல் போய்விடச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். பவுல் போகவில்லை. நாங்கள் ரோமக் குடிகள், அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்று அசையாமல் நின்றார். அவர்களும் பயந்துபோய் வந்தார்கள். ஆளும் அதிகாரம் தேவனால் வந்தது என்று நம்பியவர், தன் குடியுரிமையை மடித்துப் பெட்டியில் வைத்துவிடவில்லை.

வேதத்தில் வாக்குப்பெட்டி இருக்கிறது என்று சொல்லி உன்னை ஏமாற்றமாட்டேன். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் ராஜாக்கள், அவர்களிலும் பெரும்பாலோர் மோசமான ராஜாக்கள். ஆனால் நியாயாதிபதிகள் 9-இல் யோதாம் சொன்ன கதை ஒன்று உண்டு. ஞாயிறு பள்ளியில் உனக்கு யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். மரங்கள் கூடித் தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேடிப் போகின்றன. ஒலிவமரம், என் எண்ணெயை விட்டுவிட்டு வரவா என்கிறது. அத்திமரம், என் இனிப்பை விட்டுவிட்டா என்கிறது. திராட்சைக்கும் வேலை இருக்கிறது. கடைசியில் முட்செடி, வாருங்கள், என் நிழலில் தங்குங்கள் என்கிறது. முட்செடிக்கு என்ன நிழல்!

2022 நவம்பர் 19, பொதுத்தேர்தல் அன்று உனக்கு இருபது வயது. பதினெட்டு வயதுச் சட்டத்தால் உன் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறியிருந்தது. நீ எந்த வரிசையிலும் நின்று பதிந்ததில்லை. அன்று பயிற்சி என்று ஈப்போவில் இருந்தாய். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். ஒலிவமரமும் பயிற்சியில்தான் இருந்தது.

உன் தாத்தா பாளையங்கோட்டையிலிருந்து வந்து நகராண்மைக் கழகத்தில் எழுத்தராக இருந்தவர். 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் நகரமன்றத் தேர்தல் நடந்தது. போருக்குப் பிறகு மலாயாவில் நடந்த முதல் தேர்தல் அதுதான். அதில் வாக்களித்ததை ஒரு திருமணக் கதைபோலச் சொல்வார். எந்தச் சட்டை, யார் முன்னால் நின்றது, யார் குடை கொண்டுவந்தது எல்லாம். 1957-இல் டி. எஸ். இராமநாதன் முதல் மேயரானதைச் சொல்லும்போது தன் உறவினர்போலச் சொல்வார், உறவு கிடையாது. 1965-இல் நகரமன்றத் தேர்தல்களை நிறுத்தினார்கள், இன்றுவரை திரும்பவில்லை. வீட்டு முன்னால் சாக்கடை அடைத்துக்கொள்ளும் ஒவ்வொரு மழைக்காலமும் தாத்தா வாசலில் நின்று, "முன்பென்றால் இந்த வட்டாரத்து ஆளைத் தோற்கடிக்கலாம், இப்போது யாரைத் தோற்கடிப்பது?" என்று முணுமுணுப்பார். அந்தச் சாக்கடை போன வாரமும் அடைத்துக்கொண்டது.

அஞ்சல் வாக்குக்குத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் விண்ணப்பிக்கலாம் என்று அக்கா சொல்கிறாள். தேர்தல் நெருங்கும்போது அவள் உனக்கு நினைவூட்டுவாள், நானும் நச்சரிப்பேன். யாருக்குப் போடுவாய் என்று கேட்கமாட்டேன். கேட்டாலும் சொல்லாதே.

அம்மா கருவாடு அனுப்ப வேண்டும் என்கிறாள். ஆஸ்திரேலியச் சுங்கத்தில் பிடித்துவிடலாம் என்று சொன்னால், பொட்டலத்தில் வேறு பெயர் எழுதலாமாம். நீயே அவளிடம் பேசு. அடுத்த பருவத்துக்கான ஆட்டம் தொடங்குமுன், அந்தத் திருப்பத்தை இடப்பக்கமாக நூறு முறை செய்துபார். ஓர் அடி குறையும்.

ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு அழைக்கிறேன். பெர்த்திலும் இங்கேயும் ஒரே மணிதான், தூங்கிவிட்டேன் என்ற சாக்கு செல்லாது.

அன்புடன்,
அப்பா