பிரஷர் 78

அன்புள்ள செல்வா,

எட்டு மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். உன் முழங்கால் எப்படி? மாடி ஏறாதே என்றால் நீ கேட்கவா போகிறாய்!

போன செவ்வாய் இரவு ஒரு பையன் வந்தான். 20 வயது இருக்கும். வலது நெற்றியில் குண்டு. நினைவின் அளவைச் சொல்லும் கிளாஸ்கோ ஸ்கோர் 15-க்கு 5 (3-க்குக் கீழே கிடையாது), ரத்த அழுத்தம், அதுதான் பிரஷர், மேல் அளவு 78. ஸ்ட்ரெச்சர் உள்ளே வருவதற்குள் ஒரு ஜூனியர், "முடிஞ்ச கேஸ் சார்" என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. 78-ல் எந்த மூளைடா விழித்திருக்கும்? அந்த ஸ்கோர் குண்டின் ஸ்கோரா, பிரஷரின் ஸ்கோரா?

நெற்றியில் பஞ்சுத்துணி வைத்து மெதுவாக அழுத்திக் கட்டினோம். துளைக்குள் விரல் விடக் கூடாது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் கத்துவாரே, அதே குரல் காதில் கேட்டது. ரத்தம் ஏற்ற ஆரம்பித்த பிறகுதான் மூச்சுக்குழாயில் டியூப் போட்டோம். அந்த ஜூனியர் பதற்றத்தில் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு (Ambu) பையை வேகவேகமாக அமுக்கினார். கையைப் பிடித்து நிறுத்தினேன். வேகமாக அமுக்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறையும்; அது 35-க்குக் கீழே இறங்கினால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். இருக்கிற கொஞ்ச ரத்தமும் போகாது.

அப்புறம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துத் திருப்பினோம். வலது தோள்பட்டைக்குக் கீழே இன்னொரு துளை! தலையைப் பார்த்த கண்கள் முதுகைப் பார்க்கவே இல்லை. மார்பில் குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் கொட்டியது. பிரஷர் 110-ஐத் தொட்டபோது கையைக் கிள்ளினேன். மறு கையால் என் விரலைத் தட்டிவிடப் பார்த்தான். கண்மணி இரண்டும் வெளிச்சத்துக்குச் சுருங்கின.

சிடி ஸ்கேனில் குண்டு வலது முன்மூளையோடு நின்றிருந்தது. நடுக்கோட்டைத் தாண்டவில்லை, மூளைக்குள் நீர் நிறைந்த அறையான வென்ட்ரிக்கிளைத் தொடவில்லை. அறுவையில் மேலே இருந்த எலும்புத் துகள்களையும் செத்த திசுவையும் எடுத்தார்கள். ஆழத்தில் இருந்த துண்டை விட்டுவிட்டார்கள். நீ சண்டைக்கு வருவாய், தெரியும். 1917-ல், முதல் உலகப் போரில், மூளை அறுவை மருத்துவர் குஷிங் துகள்களைத் தேடித்தேடி எடுத்துத்தான் மரணத்தை 54 சதவீதத்திலிருந்து 29-க்குக் கொண்டுவந்தார் என்பாய். அன்றைக்கு அவரிடம் சிடியும் இல்லை, ஆன்டிபயாடிக்கும் இல்லை. துண்டைத் துரத்திப் போய் நல்ல மூளையைக் கிழிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எல்லோரும் பிழைப்பார்கள் என்று சொல்ல வரவில்லை. பிரஷரைச் சரிசெய்த பிறகும் ஸ்கோர் 3, கண்மணி இரண்டும் விரிந்து அசையாமல், குண்டு இரண்டு பக்க மூளையையும் கிழித்திருந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். ஆனால் அதை வாசலில் வைத்தா சொல்வது? முன்பு நாம் முடிந்த கேஸ் என்று விட்ட அந்த ஒன்பதாம் நம்பர் கட்டில் ஆளை நினைத்துப் பார்க்கிறேன், செல்வா. அவரை நாம் திருப்பிப் பார்த்தோமா? எனக்கு நினைவே வரவில்லை. மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

நேற்று அம்மா கூப்பிட்டதும் பையன் கண்ணைத் திறந்தான். இடது கை இன்னும் அசையவில்லை. இப்போது என் பயமெல்லாம் மூளையில் காயம்பட்ட ரத்தக்குழாய் சில நாள் கழித்து பலூன் மாதிரி உப்பி வெடிப்பதுதான். ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் முதல் ஆஞ்சியோ சுத்தமாக இருந்தாலும் நம்ப முடியாது. அடுத்த வாரம் மறுபடி எடுக்கிறோம். படங்களை அனுப்புகிறேன், உன் கண்ணாலும் ஒருமுறை பார்த்துச் சொல்.

உன்,
மணி