கீழ்த்தாடைக்குத் தனி முடிவு எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பற்களை முழுவதும் இழந்த முதியவர்களுக்கான விளம்பரங்கள் இரண்டே வழிகளைக் காட்டுகின்றன. ஒன்று கழற்றி மாட்டும் பல்செட். மற்றொன்று தாடை எலும்பில் இம்ப்ளான்ட் எனும் திருகுகளை நான்கோ ஆறோ பதித்து அவற்றின்மேல் திருகி நிறுத்தும் நிலையான பல்வரிசை. இதைப் படிக்கும் பிள்ளைகள் கடன் வாங்கியாவது அப்பா அம்மாவுக்கு இரண்டாவதைச் செய்யப் பார்க்கிறார்கள். முடியாதவர்கள் பேச்சையே விட்டுவிடுகிறார்கள். இரண்டுக்கும் இடையில், பலருக்கு இரண்டையும்விடப் பொருத்தமான ஒரு வழி இருக்கிறது. அதை வாசகர்கள் அறிய வேண்டும் என்றே எழுதுகிறேன்.

மேல்தாடையும் கீழ்த்தாடையும் செட்டைத் தாங்குவதில் ஒன்றல்ல. மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடி உட்காரும். எச்சில் படலமும் ஓரங்களில் ஈறும் கன்னமும் தரும் காற்றடைப்பும் அதைப் பிடித்துக்கொள்ளும். எலும்பு ஓரளவு இருந்து, செட்டும் ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தால் பேசும்போதோ சாப்பிடும்போதோ விழாது. கீழே பிடித்துக்கொள்ள அண்ணம் கிடையாது, வளைவான குறுகிய மேடு மட்டுமே உண்டு. செட் உட்காரக் கிடைக்கும் பரப்பு மேலே இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். உள்ளே நாக்கு, வெளியே கன்னமும் உதடும். அசையும்போதெல்லாம் இவை செட்டைத் தூக்கப் பார்க்கும். போதாததற்குக் கீழ்த்தாடை எலும்பு வேகமாகக் கரைகிறது. பல்செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து அளந்து 1972இல் வெளியான ஆய்வு, கீழ்த்தாடையின் இழப்பு மேல்தாடையைப்போல் சுமார் நான்கு மடங்கு என்று காட்டியது. செட் லூசாக இருக்கிறது, குத்துகிறது, மெல்ல முடியவில்லை என்று வருபவர்களில் பெரும்பாலோர் குறை சொல்வது கீழ் செட்டைத்தான்.

அதனால் "செட்டா, இம்ப்ளான்ட்டா" என்ற கேள்வியை வாய் முழுவதற்கும் சேர்த்துக் கேட்கக் கூடாது. மேல்தாடைக்குத் தனியாக, கீழ்த்தாடைக்குத் தனியாகக் கேட்க வேண்டும். பலருக்கு மேலே சாதாரண முழு செட்டே போதும். கீழே, கோரைப்பல் இருந்த இடங்களில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே இரண்டு இம்ப்ளான்ட் வைத்து, அவற்றில் கழற்றி மாட்டும் செட்டைப் பொருத்தலாம். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லாதவருக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டியது இந்தச் செட்தான் என்று அறிவித்தார்கள். 2009இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் கூடியவர்களும் அதையே சொன்னார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நம் ஊர் விளம்பரங்களில் இந்த வழியைக் காண்பது அரிது.

கோரைப்பல் இடத்தைத் தேர்வதற்குக் காரணம் உண்டு. கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு இருபுறமும் முன்கடவாய்ப் பற்களின் கீழே வெளிவருகிறது. அந்த இரு துளைகளுக்கும் நடுவில் உள்ள எலும்பு கெட்டியானது. மேடு தேய்ந்தவர்களுக்கும் பெரும்பாலும் போதுமான உயரம் மிஞ்சியிருக்கும். பின்னால் வைத்தால் நரம்புக் குழாயிலிருந்து குறைந்தது 2 மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தவறினால் கீழுதடும் முகவாயும் மரத்துப்போகலாம், சிலருக்கு அது நிரந்தரமாகிவிடும். அதனால்தான் சிபிசிடி எனப்படும் முப்பரிமாண ஸ்கேன் அவசியம். தாடை முழுவதையும் ஒரே தட்டையான படமாக எடுக்கும் சாதாரண ஓபிஜி எக்ஸ்ரே உயரத்தைக் காட்டும், எலும்பின் அகலத்தைக் காட்டாது.

இம்ப்ளான்ட் என்பது பெரும்பாலும் டைட்டானியத்தால் ஆன திருகு. எலும்பில் துளையிடும்போது குளிர்ந்த சலைன் விடாமல் பாய வேண்டும். எலும்பு 47 டிகிரி செல்சியஸை ஒரு நிமிடம் தாங்கினாலே செத்துப்போகத் தொடங்கும். அப்படிச் செத்த எலும்பில் திருகு ஒட்டாது. கீழ்த்தாடையில் எலும்பு பிடிக்க வழக்கமாகச் சுமார் மூன்று மாதம் ஆகும். அதுவரை பழைய செட்டின் உட்புறத்தைக் குடைந்து மென்மையான லைனர் போட்டு, திருகின்மேல் அழுத்தம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு திருகின் தலையில் ஒரு இணைப்பை வைத்து, செட்டுக்குள் அதன் எதிர்ப்பாகத்தைப் பதிப்பார்கள். டிக் பட்டன் மாதிரி அழுத்தினால் மாட்டும், இழுத்தால் கழன்று வரும்.

இதிலும் கோளாறுகள் உண்டு. எதிர்ப்பாகத்தில் உள்ள நைலான் அல்லது ரப்பர் வளையம் தேயும்; அவ்வப்போது மாற்ற வேண்டும். அது சில நிமிட வேலை, செலவும் குறைவு. இரண்டு திருகுகளும் ஒன்றுக்கொன்று சாய்ந்து நின்றால் வளையம் மிக விரைவில் தேயும். ஆகவே திருகு வைக்கும் முன்பே செட்டின் அமைப்பைத் திட்டமிட்டிருக்க வேண்டும். இணைப்புக்கு மேலே போதிய உயரம் இல்லாவிட்டால் அந்த இடத்தில் செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக் மெலிந்து விரிசல் விடும். எலும்பு அதிகம் கரையாதவர்களுக்கே இந்த இடநெருக்கடி வருகிறது. அவர்களுக்குச் செட்டுக்குள் உலோக வலை வைப்பதுண்டு. முன்பக்கம் இரண்டு திருகு மட்டும் தாங்குவதால் பின்பக்கம் செட் இன்னும் ஈறின்மேல்தான் உட்காருகிறது. அங்கே எலும்பு குறையக் குறைய, செட்டின் உட்புறத்தை ஈறுக்கு ஏற்ப மறுபடி நிரப்பி ரீலைன் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கீழ் முன்பற்கள் மட்டும் மேல் செட்டைக் குத்தி, மேல்தாடை முன்பக்க எலும்பைக் கரைத்துவிடும்.

நிலையான பல்வரிசை மோசமானது என்று சொல்ல வரவில்லை. கழற்றும் செட்டை மனதாலேயே ஏற்க முடியாதவர்கள், அண்ணத்தில் எது பட்டாலும் குமட்டுபவர்கள், கைத்திறனும் கண்பார்வையும் நன்றாக உள்ளவர்கள் ஆகியோருக்கு அது பெரிய வரம். ஆனால் 60 வயதில் வைப்பவர் 80 வயதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நிலையான வரிசைக்கும் ஈறுக்கும் இடையே தினமும் இடுக்கு பிரஷ் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். கை நடுக்கமோ பக்கவாதமோ மறதி நோயோ வந்தபின் அதை யார் செய்வார்கள்? கழற்றும் செட்டாக இருந்தால் மகளோ பேரனோ வெளியே எடுத்துக் கழுவி, திருகின் இரண்டு தலைகளையும் மென்மையான பிரஷால் துடைத்துவிடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே முதியவர்களுக்கு நான் இதை முதலில் சொல்வேன்.

இயற்கைப் பல்லுக்கு வருவதுபோல் இம்ப்ளான்ட்டுக்குச் சொத்தை வராது; ஆனால் ஈறு அழுகி எலும்பு கரையும் நோய் வரலாம், அதுவும் பெரும்பாலும் வலியில்லாமல். துலக்கும்போது ரத்தம் வருவதே முதல் அடையாளம். ஈறு நோயால் பற்களை இழந்தவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். "வாழ்நாள் உத்தரவாதம்" என்று அச்சடித்துக் கொடுப்பவர்கள் உத்தரவாதம் தருவது திருகு என்ற உலோகத்துக்கு. அதைச் சுற்றியுள்ள எலும்புக்கு யாராலும் தர முடியாது.

"மூன்றே நாளில் நிலையான பல்" என்பதும் அளவறிந்து நம்ப வேண்டியது. திருகை முடுக்கும்போது சுமார் 35 நியூட்டன் சென்டிமீட்டர் இறுக்கம் கிடைத்தால், பல திருகுகளை ஒன்றோடொன்று இணைத்து உடனே தற்காலிகப் பல் பொருத்தலாம். கிடைக்காதபோதும் பொருத்தினால் மெல்லும் விசையில் திருகு ஆடும். 150 மைக்ரானுக்கு (0.15 மில்லிமீட்டர்) மேல் ஆடினால் சுற்றிலும் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்து திருகு கழன்றுவிடும். இறுக்கம் எவ்வளவு கிடைக்கும் என்பது அறுவை மேசையில்தான் தெரியவரும். விளம்பரத்தில் முன்கூட்டியே வாக்குக் கொடுக்க முடியாது.

மருந்துகளை மறைக்காமல் சொல்லுங்கள். எலும்புப்புரை நோய்க்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) வாரம் ஒருமுறை அலென்ட்ரோனேட் மாத்திரை, ஆண்டுக்கு ஒருமுறை சோலெட்ரானிக் ஆசிட் ஊசி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி எடுப்பவர்களுக்குத் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து சிறிதளவு உண்டு. புற்றுநோய்க்காக இவற்றை அதிக அளவில் பெறுபவர்களுக்கு அது பெரிய ஆபத்து, இம்ப்ளான்ட் வேண்டாம். அதற்காக டெனோசுமாப்பை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், முதுகெலும்பு முறியலாம். வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவர்கள் அந்தச் சிகிச்சைக் குறிப்பைக் கொண்டுவர வேண்டும். சர்க்கரை உள்ளவர்களின் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முதலில் அதைக் குறைக்க வேண்டும். பாக்கும் பான் மசாலாவும் மென்று வாய் இறுகியவர்களுக்கு மூன்று விரலைச் செங்குத்தாக நுழைக்கும் அளவுக்காவது வாய் திறக்காவிட்டால் துளையிடும் கருவியைச் சரியான கோணத்தில் பிடிப்பதே கடினம். செட்டுக்கு அளவெடுப்பதும் சிரமம்.

இன்னும் ஓரிரு பல் மிஞ்சியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆடாத கோரைப்பல் இருந்தால் "எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்" என்று அவசரப்படாதீர்கள். வேர் சிகிச்சை செய்து, ஈறுக்கு மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் விட்டு வெட்டி, அதன்மேல் செட் போடலாம். 1978இல் வெளியான ஐந்தாண்டு ஒப்பீட்டில், கோரைப்பல் வேர்களை விட்டுவைத்தவர்களின் கீழ்த்தாடை முன்பக்கம் 0.6 மில்லிமீட்டர்தான் குறைந்தது. எல்லாவற்றையும் பிடுங்கியவர்களுக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல். வேரைத் தினமும் துலக்கி, ஃப்ளோரைடு தடவி, சொத்தை வராமல் காக்க வேண்டும் என்பதே நிபந்தனை. திருகு வாங்க முடியாத குடும்பத்துக்கு இதைவிட நல்ல சிகிச்சை எனக்குத் தெரியாது.

வெறும் செட்தான் முடியும் என்றாலும் அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். அளவெடுத்து, அந்த அளவில் தனி ட்ரே செய்து, அதில் ஓரங்களை உருவாக்கி இரண்டாம் அளவு, மெழுகில் தாடைகளின் உறவு, மெழுகுப் பல் வைத்துப் பார்த்தல், பிறகு பொருத்துதல் என ஐந்து முறையாவது வர வேண்டும். இரண்டே வருகையில் முடிகிறது என்றால் பெரும்பாலும் இரண்டாம் அளவுதான் விடுபட்டிருக்கும். லூசாவதற்கு அதுவும் ஒரு காரணம். பொருத்திய மறுநாள் கட்டாயம் காட்டுங்கள். புண் பட்டால் வீட்டில் கத்தியால் சுரண்டாதீர்கள். மருத்துவரிடம் போகும் நாளன்று சில மணி நேரம் செட்டை அணிந்து சென்றால் குத்தும் இடம் சிவந்து தெரியும். இரவில் கழற்றி, சோப்பும் மென்மையான பிரஷும் கொண்டு கழுவி, சாதாரண நீரில் போடுங்கள். வெந்நீர் செட்டை வளைக்கும், பற்பசை கீறும். போட்டபடியே தூங்குபவர்களுக்கு அண்ணத்தில் பூஞ்சைத் தொற்று வருகிறது.

தெருவோரத்திலும் சில கடைகளிலும், பக்கத்துப் பல்லில் கம்பி சுற்றி, வாய்க்குள்ளேயே பிளாஸ்டிக் மாவை இறுகவைத்து "ஃபிக்ஸ்டு பல்" கட்டுகிறார்கள். அதற்கடியில் ஈறு அழுகி, நல்ல பற்களும் ஆடிவிடும். செலவு குறைய வேண்டுமென்றால் சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ, பக்கத்திலுள்ள பல் மருத்துவக் கல்லூரிக்கோ செல்லுங்கள். அரசுக் கல்லூரிகளில் முதியோருக்குச் செட்டோடு இரண்டு கீழ்த்தாடை இம்ப்ளான்ட்களையும் கட்டணமின்றித் தர அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்பதையும் இக்கடிதத்தின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பணம் கட்டும் முன், ஸ்கேன், திருகு, இணைப்பு, மேலே வரும் செட் அல்லது கேப், எலும்பு குறைந்த இடத்தை நிரப்ப எலும்புத்தூள் வைக்க நேர்ந்தால் அதன் செலவு, ஒரு திருகு ஒட்டாவிட்டால் யார் செலவு என்பதை எழுத்தில் தனித்தனியாகக் கேளுங்கள். "ஒரு இம்ப்ளான்ட் இவ்வளவு" என்று சொல்லும் தொகை சில இடங்களில் திருகுக்கு மட்டுமே. சிகிச்சை முடிந்ததும் திருகின் பெட்டியிலுள்ள ஸ்டிக்கரை வாங்கி உங்கள் கோப்பில் ஒட்டுங்கள். அதில் நிறுவனம், விட்டம், நீளம், தொகுப்பு எண் இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் திருகின் தலையும் ஸ்க்ரூ டிரைவரும் மாறுவதால், பத்து ஆண்டு கழித்து வேறு ஊரில் இணைப்பு தளர்ந்தால் அந்த ஸ்டிக்கர் இல்லாமல் சரியான உதிரிப்பாகத்தைக் கண்டறிந்து வரவழைப்பது மிகவும் சிரமம்.

இப்படிக்கு,
செயற்கைப்பல் சிறப்பு மருத்துவர்,
திருச்சி.